‘உட்பிரவேசிக்கத் தடை’: ஒழுங்கை வாசலிலிருந்து பலாலி வீதி வரை

சுன்னாகம் சந்தையிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் ஏதாவது ஒரு ஒழுங்கை வாசலில் பலகை ஒன்று கண்ணில் படும். ‘தனியார் பாதை’, ‘அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை’, ‘நாய் கவனம்’. (உள்ளுக்கு நாய் இருக்கா எண்டது வேற கதை.) வெளிநாட்டுக் காசில் மதிலும் இரும்புக் கேற்றும் வந்த பிறகு பிடித்த பழக்கம் இது என்று பலர் நினைக்கிறார்கள். பலகை புதுசுதான். அது சொல்கிற விசயம் புதுசில்லை.

பலகை இல்லாத காலத்தில் அந்த வேலையை வேலி செய்தது. பூவரசு, கிளுவைக் கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து ஆள் உயரத்துக்கு மேலே அடைத்துவிட்டால் தெருவில் போறவருக்கு முற்றம்கூடத் தெரியாது. ஆனால் அதே வேலியில்தான் சங்கடப்படலையும் இருந்தது. படலைக்கு மேல் ஒரு சின்னக் கூரை, மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர் ஒதுங்கி நிற்க. சில இடங்களில் குடிக்கத் தண்ணீரும் வைத்திருப்பார்கள். உள்ளே வராதே, ஆனால் வாசலில் நில் என்று ஒரே படலை இரண்டையும் சொன்னது. இன்றைய கேற்றுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

எங்கட ஊர்களில் வேலிச் சண்டை, பாதைச் சண்டை ஏன் இவ்வளவு? காணி பிரியிற விதத்தைப் பார்த்தால் விளங்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1706-07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையில் அடுத்த வளவுக்குள் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்பதுகூட வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை சீதனமாகவும் முதுசமாகவும் காணி துண்டுபட, பின்வளவுக்குத் தெரு இல்லாமல் போகும். அதற்காகத்தான் பழைய உறுதிகளில் ‘கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு’ என்று எழுதினார்கள். ஆகவே ‘தனியார் பாதை’ என்று நீங்கள் பலகை போடுகிற ஒழுங்கையில் பின்வீட்டுக்காரருக்கும் உரித்து இருக்கலாம். பலகை வாங்க முதல் உறுதியை வாசிக்கவேணும். அந்த ஒழுங்கை பிரதேச சபைப் பாதையா என்றும் பார்க்கவேணும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் 10 வருசம் தடையில்லாமல், உங்கட அனுமதியில் தங்கியிராமல் ஒரு பாதையைப் பாவித்தால் அவருக்கு அதில் உரித்து வரலாம். இதில் ஒரு வேடிக்கை. ‘தடை’ என்று பலகை போட்டுவிட்டு, சனம் அதை மதிக்காமல் 10 வருசம் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அந்தப் பலகையே எதிராளிக்குச் சாட்சியாகிவிடலாம். ‘அனுமதியுடன் மட்டும்’ என்ற பலகை கண்ணுக்கு மென்மையாகத் தெரிந்தாலும் சட்டத்தில் அதுதான் கெட்டி. நியூயோர்க்கில் ரொக்ஃபெல்லர் பிளாசா என்ற தெருவை வருசத்தில் ஒரு நாள் மூடி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான்: இது தனியார் தெரு, நாங்கள் விடுவதால்தான் நீங்கள் நடக்கிறீர்கள் என்று காட்ட.

பலகையே தேவைப்படாத தடைகளும் இங்கே இருந்தன. அறுபதுகளில் தேநீர்க் கடையின் உள்ளே யார் இருக்கலாம், எந்தக் கோயிலுக்குள் யார் போகலாம் என்று ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. எழுதாத தடையை எழுதின சட்டம் அசைக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சாதித் தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் இதே சுன்னாகத்திலிருந்துதான் தொடங்கியது. பொலிஸ் தடியடி நடத்தியும் ஊர்வலம் நிற்கவில்லை. பிறகுதான் சங்கானைத் தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலிலும் போராட்டங்கள் நடந்தன. எங்கட வேலிக் கலாசாரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பலகைகளை எழுதினது வீட்டுக்காரர் இல்லை. உயர் பாதுகாப்பு வலயம், முள்ளுக்கம்பி, மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகை. 2013 ஏப்ரலில் காணி எடுத்தல் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி அதை மரங்களில் ஒட்டினார்கள். அந்த உரிமையாளர்களில் எத்தனையோ பேர் சில மைல் தள்ளி, சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் முகாம்களிலும் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே இருந்தார்கள். நிவாரண அட்டையில் பெயரும் இருந்தது.

மேலே சொன்ன 10 வருசக் கணக்கு இவர்களுக்கு என்ன ஆகும்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் சொல்லப்படும் காரணம் பயங்கரவாதக் குழுக்களின் செயற்பாடு. அரசாங்கமே கம்பி அடித்து வைத்த காணிக்காரர் அந்தச் சொற்களுக்குள் தன்னை எங்கே தேடுவது?

2025 ஏப்ரல் 10 அன்று வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 34 வருசத்துக்குப் பிறகு திறக்கப்பட்டது. கூடவே ஒரு பலகையும். காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது. அடையாள அட்டை கையில் இருக்கவேணும். ஒரு தனியார் ஒழுங்கைக்கு யாரும் இவ்வளவு நிபந்தனை எழுதினதை நான் பார்க்கவில்லை. இது பொது வீதி. திறந்தது வீதியைத்தான், இரண்டு பக்கக் காணிகளை இல்லை. அவற்றின் சொந்தக்காரர் பஸ்ஸில் இருந்தபடி தன் வளவைத் தேடலாம். இறங்க ஏலாது.