இருபத்திரண்டும் பாவீசும்

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் மகள் மராத்தி எண்களைக் கண்டாலே அழுவாள். கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரிதான். ஆனால் 'திரேபன்ன' என்றால் 53-ஆ 63-ஆ என்று குழம்பிவிடுவாள். மக்கு என்று பெயர் வந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயம்.

தவறு அவளிடம் இல்லை. சம்ஸ்கிருதத்தில் ஒன்றுகள் முதலில் வரும், பத்துகள் பிறகு. 22 என்பது 'த்வாவிம்சதி', அதாவது இரண்டும் இருபதும். அது பிராகிருதம் வழியாகத் தேய்ந்து மராத்தியில் 'பாவீஸ்' ஆயிற்று. 29 'ஏகோண்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு. தேய்ந்ததில் விதி மறைந்துபோய், நூறு வரை ஏறக்குறைய மனப்பாடம்தான்.

இந்தச் சிரமத்தைக் குறைக்க மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, 2019-ல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வீஸ் தோன்' (இருபது, இரண்டு) என்ற முறையையும் சேர்த்தது. மொழியைச் சிதைக்கிறார்கள் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. குழந்தைகளுக்கு எளிது என்பதற்காகத்தான் என்று கணக்குக் குழுவின் தலைவர் மங்களா நார்லிகர் விளக்கினார்.

நமக்கு இந்த முறை புதிதல்ல. 'இருபத்திரண்டு' என்று எழுதும் வரிசையிலேயே சொல்கிறோம். அதற்காக ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். 90-க்குள் நூறையும் (தொண்ணூறு), 900-க்குள் ஆயிரத்தையும் (தொள்ளாயிரம்) ஒளித்து வைத்தவர்கள் நாம்தானே! தொல்காப்பியமே அதற்குத் தனி விதி சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் முதலில் தமிழில் எண்ணிவிட்டு, பிறகு மராத்திக்குப் போனோம். இப்போது பால்காரர் சொல்லும் கணக்கை எனக்குப் புரியவைப்பதே அவள்தான். உங்கள் பிள்ளை எண்ணத் தடுமாறினால் உடனே மக்கு என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மொழியில் தடுமாறுகிறது என்று முதலில் பாருங்கள்.