சீட்டாட்டமும் நியூத்திரன் கணக்கும்



1946ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, போலந்து நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவிற் குடியேறிய கணித அறிஞர் ஸ்டனிஸ்லாவ் உலாம் மூளை அழற்சி நோயினால் வருந்தினார். நோய் தணிந்து ஓய்ந்திருந்த நாட்களில், ஒருவர் தனியே ஆடும் சீட்டாட்டத்தினாற் பொழுது போக்கினார். 52 சீட்டுகளைக் கலைத்துப் பரப்பினால் ஆட்டம் கைகூடும் வாய்ப்பு எத்துணை? சூத்திரத்தினால் விடை காண முயன்று சலித்த அவருக்கு, நூறு முறை ஆடிப் பார்த்து, கைகூடியவற்றை எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது.

அவ்வெண்ணம் உடனே நியூத்திரன்கள்பாற் சென்றது. ஒரு நியூத்திரன் எவ்விடத்தில் மோதும், மோதியபின் எத்திசையிற் செல்லும் என்பவை தற்செயலுக்கு உட்பட்டவை. ஒவ்வொரு படியிலும் தாயக்கட்டையை உருட்டுவதுபோல் ஓர் எண்ணை எடுத்து, அதன்படி நியூத்திரனை நடத்தினால் அதன் வாழ்க்கை வரலாறு முழுவதையும் எழுதிவிடலாம். ஜோன் வொன் நியுமன் 1947 மார்ச்சு மாதத்திலே இம்முறையை விரித்துக் கடிதம் வரைந்தார். சூதாட்டத்துக்குப் பேர்போன மொன்டே கார்லோ நகரின் பெயரை இதற்குச் சூட்டியவர் நிக்கலஸ் மெற்றோபொலிஸ்.

1948இல் எனியாக் என்னும் கணிப்பொறியிலே இக்கணக்கு முதன்முதல் நடைபெற்றது. பழைய வானொலிப் பெட்டிகளுள் ஒளிர்ந்த வால்வுகளைப் போன்றவை அதனுள் ஏறத்தாழ 18,000 இருந்தன. கணக்கின் நோக்கமோ அணுக்குண்டு. நோயாளியின் பொழுதுபோக்கைச் சுவைபடக் கூறுவோர் இதனை மெல்ல மறைத்துச் செல்வது முறையன்று.

விதிப்படியே இயங்கும் பொறி தற்செயலான எண்ணை எங்ஙனம் தரும்? வொன் நியுமன் கண்ட உபாயம் எளியது. 1234 என்பதை அதனாலேயே பெருக்கினால் 1522756 வரும். முன்னே ஒரு சுழியத்தை இட்டு, நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை எடுத்தால் 5227. அதனையும் அவ்வாறே பெருக்கி நடுவை எடுத்தால் 3215. உண்மையில் இது தற்செயலன்று, தற்செயலின் வேடமே. ஆயினும் வேலைக்குப் போதியதாயிற்று.

இதே காலத்தில் வேறொரு வினாவும் எழுந்தது. பெருஞ் சத்தியுடன் பாயும் புரோத்தன் ஒன்று கனத்த அணுக்கருவிற் புகுந்தால் எத்தனை நியூத்திரன்கள் வெளிப்படும்? 1947இல் ரொபேட் சேர்பர் இந்நிகழ்ச்சியை இரு கட்டங்களாகப் பிரித்தார். முதலிற் புரோத்தன் உள்ளிருக்கும் துகள்களைத் தனித்தனியே மோதுகின்றது. மோதுண்டவை பிறவற்றை மோதுகின்றன. சில வெளியே தெறிக்கின்றன. பின்னர், சூடேறிய நீர்த்துளி ஆவியாவதுபோல், எஞ்சிய கரு நியூத்திரன்களை ஒவ்வொன்றாக உதிர்க்கின்றது. இந்த ஆவியாதற் கருத்தை வைஸ்கொப் 1937இலேயே ஆராய்ந்திருந்தார்.

முதற் கட்டத்தை 1948இல் மார்வின் கோல்ட்பேகர் கையினாலேயே கணித்தார். மோதல் மோதலாகத் தாளிலே தொடர்ந்து சென்ற அவ்விளைஞரின் பொறுமைக்கு, எனியாக்கின் புகழிற் பத்தில் ஒரு பங்கேனும் கிடைத்திருக்கலாம். ஆனால் கையின் ஆற்றலுக்கு எல்லையுண்டு. நூறு வரலாறுகளை எழுதினால் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பத்தளவில் ஐயம் நிற்கும். அதனை ஒன்றாக்க வேண்டின் பதினாயிரம் வரலாறுகள் வேண்டும். எனவே பொறியின் துணை தவிர்க்கவியலாததாயிற்று. மெற்றோபொலிசும் துணைவர்களும் மானியாக் என்னும் பொறியினாற் செய்த கணக்குகள் 1958இல் வெளியாயின.

2006இல் அமெரிக்காவின் ஓக் றிட்ஜிலே இயங்கத் தொடங்கிய நிலையத்தில், பெருஞ் சத்தியுடன் புரோத்தன்கள் பாய்ந்து ஓடும் இரசத்தைத் தாக்குகின்றன. ஒவ்வொரு புரோத்தனும் ஏறக்குறைய இருபது முதல் முப்பது நியூத்திரன்களை வெளிப்படுத்தும். அவை குண்டுக்கல்ல, பொருள்களின் உள்ளமைப்பை ஆராய்வதற்கே பயன்படுகின்றன. இத்தகைய நிலையங்களிற் பணியாளரைக் காக்கும் சுவர் எவ்வளவு தடிப்பாக எழவேண்டும் என்பதையும், கல் வைப்பதற்கு முன்னரே, நியூத்திரன்களின் வரலாறுகளை எழுதி எழுதியே கணிக்கின்றனர்.