சிந்தாமணியில் ஒரு வேனில் விழா

ஹோலி வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளும் வண்ணப்பொடியும் கையுமாகத் தெருவில் இறங்கிவிடுகிறார்கள். "இதெல்லாம் நம்ம ஊர் வழக்கமா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஹோலி தமிழர் பண்டிகை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இளவேனில் பிறந்ததும் இளையோர் ஊருக்கு வெளியே சென்று ஆடிப்பாடிய காட்சி தமிழிலேயே உண்டு.

சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் 13 இலம்பகங்கள். நான்காவதான குணமாலையார் இலம்பகத்தில், இராசமாபுரத்து மக்கள் வேனிற் காலத்தில் ஆற்றங்கரைச் சோலைக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். குணமாலை, சுரமஞ்சரி என்று இரு தோழியர். இருவரும் வணிகர் வீட்டுப் பெண்கள். யார் இடித்த வாசனைச் சுண்ணம் உயர்ந்தது என்று போட்டி. தோற்றவள் ஆற்றில் நீராடக்கூடாது என்பது பந்தயம். சீவகன் இரண்டையும் காற்றில் தூவினான். குணமாலையின் சுண்ணத்தை வண்டுகள் மொய்த்தன. தீர்ப்பு முடிந்தது. கோபித்துக்கொண்ட சுரமஞ்சரி நீராடாமலே வீடு திரும்பி, இனி ஆடவர் முகத்தில் விழிப்பதில்லை என்று கன்னிமாடம் புகுந்தாள்! அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே!

காப்பியம் கற்பனைதான். என்றாலும், கேட்பவருக்குப் பழகாத ஒரு விழாவைப் புலவர் இத்தனை விரிவாகப் பாடியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

அதே விழாவில் இன்னொன்றும் நடக்கிறது. சமைத்து வைத்த சோற்றைத் தீண்டிவிட்டது என்று ஒரு நாயை அடித்துப் போட்டுவிட்டார்கள். ஊரே களித்திருக்க, சீவகன் அதன் அருகில் அமர்ந்து காதில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். நாய் உயிர்நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னாளில் கட்டியங்காரனுடைய ஆட்களிடமிருந்து சீவகனைக் காப்பாற்றியவன் அவனே.

1887-இல் உ.வே.சா. இக்காப்பியத்தைப் பதிப்பித்தார். விளங்காத இடங்களைக் குடந்தைச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்ததை 'என் சரித்திரம்' நூலில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். ஏட்டுக்குள் முடங்காமல் எங்கள் வீடுகளில் படிக்கப்பட்டு வந்த கதை இது.

ஆகவே பிள்ளைகளைத் தடுக்காதீர்கள், போய் விளையாடட்டும். ஆனால் தெருநாய் மேல் சாயம் ஊற்றிச் சிரிக்கிறார்களே, அது வேண்டாம். நாய் தன் உடம்பை நக்கும். அந்தச் சாயம் அதன் வயிற்றுக்குள் போகும். சுண்ணம் தூவிய சீவகனைச் சொல்லும்போதே நாயருகில் அமர்ந்த சீவகனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை.