ஏடு யாருடையது?

பசித்தவன் சோறு கேட்டால், அதை வேண்டுகோள் என்கிறோம். பறிகொடுத்தவன் தன் பொருளைத் திருப்பிக் கேட்டால், அதை உரிமை என்கிறோம். நோயுற்றுப் படுக்கையிலே கிடக்கும் ஒருவன், தன் உடலைப் பற்றி, தன் குருதியைப் பற்றி, தன் எலும்பைப் பற்றிப் பிறர் எழுதி வைத்திருக்கும் ஏட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது எது? வேண்டுகோளா? உரிமையா?

எளிய கேள்வி. ஆனால் இதற்கு விடை காண மருத்துவ உலகுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. அந்த நெடிய வரலாற்றின் ஒரு திருப்பத்திலே நின்று, விடையைச் சுவரிலே தீட்டிக் காட்டியவர் மன்னரல்லர். மருத்துவப் பேரறிஞரும் அல்லர். பொம்மைக் கடையிலே பணி புரிந்தும், சிறுவர்க்கு ஓவியம் கற்பித்தும், இல்லறம் நடத்தி வந்த ஒரு பெண்மணி. பெயர், ரெஜினா ஹாலிடே. நாடு, அமெரிக்கா. ஆண்டு, 2009.

அவருடைய கணவர் பிரெடரிக் ஹாலிடே, 39 வயதினர். இரு சிறுவர்களின் தந்தை. 2009 மார்ச்சுத் திங்களின் இறுதியிலே, அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று கண்டறிந்தனர். கண்டறிந்தபோதே அது உடலின் பிற பகுதிகளிலும் பரவி விட்டிருந்தது. மருத்துவமனையிலே படுக்கை கிடைத்தது, மருந்து கிடைத்தது, விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை. நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது? அடுத்துச் செய்யப் போவது என்ன? கேட்டார் மனைவி. வந்து நின்று விளக்க மருத்துவருக்கு நேரமில்லை. அப்படியானால், எழுதி வைத்திருக்கும் ஏட்டையாவது தாருங்கள், நானே படித்து அறிந்து கொள்கிறேன் என்றார்.

விடை வந்தது. ஏட்டின் படி வேண்டுமானால் பக்கம் ஒன்றுக்கு 73 சென்ட் கட்டணம். 21 நாள் காத்திருக்க வேண்டும்!

மார்ச்சு இறுதியில் நோய் தெரிந்த அந்த மனிதர், ஜூன் 17 அன்று மறைந்தார். இடையிலே இருந்த காலம் பன்னிரண்டு வாரங்கூட இல்லை. அதிலே மூன்று வாரத்தைக் காத்திருப்பதற்கென ஒதுக்கு என்றது அலுவலகம். எஞ்சிய வாழ்நாளில் நான்கிலொரு பங்கு! நோயாளிக்கோ நாழிகை கணக்கு. அலுவலகத்துக்கோ நாட்காட்டி கணக்கு. இரண்டு கணக்கும் ஒத்து வருமா?

இதை ஒரு மருத்துவமனையின் கல்நெஞ்சம் என்று சொல்லிக் கடந்து விடலாம். அப்படிச் சொன்னால் நாம் வரலாற்றை அறியாதவர்களாவோம். 21 நாள் என்ற அந்த விடை ஓர் எழுத்தர் வாயிலிருந்து வந்ததாயினும், அதற்குப் பின்னால் நின்றது ஒரு பழம்பெரும் மரபு. அறிந்தவன் ஆள்க, அறியாதவன் அடங்குக என்பது அதன் சாரம்.

கிரேக்க நாட்டு ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய ஏடுகளிலே ஒன்று, நோயாளியைக் கவனிக்கும்போது பெரும்பாலானவற்றை அவனிடமிருந்து மறைத்து விடுமாறு மருத்துவனுக்கு அறிவுரை கூறுகிறது. 1803 இல் இங்கிலாந்திலே தாமஸ் பெர்சிவல் மருத்துவ ஒழுக்க நூல் வகுத்தார். அதைப் பின்பற்றி 1847 இல் அமெரிக்க மருத்துவர் கழகம் தன் ஒழுக்க விதிகளை எழுதியது. மருத்துவன் கடமை இது என்று கூறிய அவ்விதிகள், நோயாளியின் கடமையையும் கூறத் தவறவில்லை. என்ன கடமை? உடனடியாக, மறுசொல் இன்றிக் கீழ்ப்படிவது! நோய்க்கு மருந்து தேடி வந்தவன், வாசற்படியிலேயே தன் வாயைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டிலே முதல் விரிசல் வழக்கு மன்றத்தில் விழுந்தது. 1914 இல் நியூயார்க்கிலே மேரி ஷ்லோயண்டார்ஃப் என்ற பெண்மணியின் வழக்கு. மயக்க மருந்து கொடுத்துச் சோதித்துப் பார்க்க மட்டுமே இசைந்தேன். அறுவை வேண்டாம் என்றேன். ஆயினும் கட்டியை அறுத்து எடுத்து விட்டனர் என்று முறையிட்டார் அவர். அறிவுத் தெளிவுடைய வயது வந்த ஒவ்வொருவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். அரும்பெரும் தீர்ப்பு. ஆனால் வழக்கிலே அந்த அம்மையார் வெல்லவில்லை! அறநிலையமாக நடந்த அந்த மருத்துவமனை மீது பொறுப்புச் சுமத்த இயலாதென்றது மன்றம். கொள்கை வென்றது, கேட்டவர் தோற்றார். உரிமைகளின் வரலாறு பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

1957 இல் கலிபோர்னியாவிலே மற்றொரு வழக்கு. சோதனை ஒன்றின் பின் கால்கள் செயலிழந்து போன மார்ட்டின் சால்கோ தொடுத்தது. இசைவு கொடுத்தால் மட்டும் போதாது, அறிந்து கொடுத்த இசைவாக இருக்க வேண்டும் என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலேதான் தெளிவான பெயர் பெற்றது. விவரம் கூறாமல் பெற்ற இசைவு, இருட்டிலே வாங்கிய கையெழுத்துக்கு ஒப்பானது அன்றோ?

வழக்கு மன்றம் பேசிற்று. மருத்துவமனை மாறிற்றா? 1961 இல் சிகாகோ நகரத்து மருத்துவர் இருநூற்றுக்கு மேற்பட்டவர்களை டாக்டர் ஓக்கென் என்பார் ஆராய்ந்தார். புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்வீரா என்பதே கேள்வி. நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர், சொல்லாதிருப்பதையே விரும்புகிறோம் என்றனர். சொல்லாமல் யாரிடம் சொல்வது? கணவனுக்கு நோயென்றால் மனைவியிடம். மனைவிக்கு நோயென்றால் கணவனிடம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நோயுற்ற துணைக்காகப் போராடுவது என்றால் என்ன என்பதை இந்த இடத்திலேதான் நாம் பிரித்தறிய வேண்டும். தாழ்வாரத்திலே நின்று, தாழ்ந்த குரலிலே, "அவரிடம் சொல்லி விடாதீர்கள்" என்று மருத்துவரிடம் மன்றாடும் காட்சி நம் நாட்டு மருத்துவமனைகளுக்கும் புதியதன்று. அன்பினால் செய்வதே, ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு, படுத்திருப்பவனைக் குழந்தையாக்கி விடுகிறது. அவன் உயிரைப் பற்றிய செய்தி அனைவருக்கும் தெரியும், அவன் ஒருவனைத் தவிர! உயில் எழுத நினைத்திருப்பான். உள்ளம் திறந்து பேச நினைத்திருப்பான். இந்தச் சிகிச்சை போதும், என்னை வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்ல நினைத்திருப்பான். எல்லா வாய்ப்பும் போயிற்று. துணைக்காக நிற்பது வேறு. துணையின் இடத்தைப் பறித்துக் கொண்டு நிற்பது வேறு. முன்னது அரண்; பின்னது திரை.

திரை மெல்லக் கிழிந்தது. 1973 இல் அமெரிக்க மருத்துவமனைகளின் சங்கம் நோயாளர் உரிமைப் பட்டயம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் ஷென்கின், வார்னர் என்ற இருவர், ஏட்டின் படியை நோயாளியிடமே கொடுத்து விடலாமே என்று ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழிலே முன்மொழிந்தனர். 1979 இல் மருத்துவரிடம் பழைய கேள்வியையே மீண்டும் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர், நோயாளியிடம் சொல்வதையே விரும்புகிறோம் என்றனர். பதினெட்டே ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம்! மனித இயல்பு மாறிவிட்டதா? இல்லை. நோயாளிகள் தாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் உதிர்ந்து போயிற்று. 1996 இல் இயற்றிய சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், 2003 முதல், ஏட்டைக் காணவும் படி பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்று நாடு முழுவதற்கும் கூறின.

அப்படியானால் 2009 இல் ரெஜினா ஹாலிடே ஏன் காத்திருக்க நேர்ந்தது? அந்தச் சட்டம் மருத்துவமனைக்கு 30 நாள் தவணை கொடுத்திருந்தது! 21 நாள் என்று சொன்ன அலுவலகம் சட்டத்தை மீறவில்லை, சட்டத்துக்குள்ளேயே நின்றது. கொடுமை அதுதான். உரிமையை எழுத்திலே கொடுத்துவிட்டு, காலத்தாலே பறித்துக் கொள்ள முடியும் என்பதை அந்த விடை காட்டிற்று. அதே ஆண்டு பிப்ரவரியிலேதான், மருத்துவ ஏடுகளையெல்லாம் மின்னணு முறைக்கு மாற்றக் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்கும் சட்டத்திலே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். தலைநகரிலே திட்டம் மின்னல் வேகத்தைப் பற்றிப் பேசிற்று; அதே வட்டாரத்து மருத்துவமனையிலே ஏடு மாட்டுவண்டியிலே வந்தது.

பின்னர்ப் பிரெடரிக்கை வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினர். உடன் சென்ற குறிப்பு பழையது, குறைபட்டது. புதிய இடத்தார் தொலைபேசியிலும் தொலைநகலிலும் விவரங்களைத் திரட்டி முடிக்க ஆறு மணி நேரம் ஆயிற்று என்றும், அதுவரையில் வலி தணிக்கும் மருந்து கூடக் கிடைக்காமல் தம் கணவர் துடித்தார் என்றும் ரெஜினா பின்னாளில் மேடைதோறும் எடுத்துரைத்தார். ஏடு என்பது காகிதம்தானே என்போர் இந்த ஆறு மணி நேரத்தை எண்ணிப் பார்க்கட்டும். ஏடு இல்லையேல் மருந்தில்லை; மருந்தில்லையேல் வலி. அவ்வளவு நெருங்கிய உறவு.

மனைவி மீண்டும் பழைய மருத்துவமனைக்குச் சென்றார், வாதாடினார், ஏட்டை முழுமையாகப் பெற்று வந்தார், பக்கம் பக்கமாகப் படித்தார். ஓவியர் அல்லவா? கணவரின் நோய், மருந்து, சோதனை முடிவு ஆகியவற்றை, உணவுப் பொட்டலத்தின் மீது சத்துப் பட்டியல் அச்சிடுவார்களே, அந்த முறையிலே ஒரே பார்வையில் எவரும் அறியத் தக்க பட்டியலாக ஆக்கினார். கற்றதனால் வந்த கருவி அது. கண்ணீரினால் மட்டும் வருவதன்று.

கணவர் மறைந்த பின், அதே ஆண்டிலே, வாஷிங்டன் நகரில் கனெக்டிகட் சாலையை ஒட்டிய ஒரு நெடுஞ்சுவரிலே பேரோவியம் ஒன்றைத் தீட்டினார். பெயர், "73 சென்ட்". படுக்கையிலே கணவர், சுற்றிலும் மருத்துவ உலகம். அதிலே செவிலிப் பெண் ஒருத்திக்குப் பல கைகள்! ஒருத்தியே பத்துப் பேர் வேலையைச் செய்து களைக்கிறாள் என்பது பொருள். செவிலியரைப் பகைவராக அவர் தீட்டவில்லை. அவர்களும் அந்த ஏற்பாட்டிலே நசுங்குகிறவர்களே என்று தீட்டினார். சீறியும் நீதி பிறழாத உள்ளம் அது. பின்னர் அரசாங்கக் குழுக்களின் முன் சாட்சியம் கூறினார். 2011 முதல், நோயாளரின் கதைகளை மேலங்கிகளின் முதுகிலே தீட்டித் தரும் இயக்கம் ஒன்றை நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் அவற்றை அணிந்து மருத்துவ மாநாடுகளிலே நடமாடினர். நோயாளியைப் பாராமல் முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் முதுகைப் பாராமல் இருக்க முடியுமா?

ஏட்டைக் கொடுத்தால் நோயாளி கலங்குவான், மருத்துவர் வேலை கெடும் என்று அஞ்சினோருக்கும் விடை கிடைத்தது. 2010 இல் தொடங்கி ஓராண்டு, பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூவிடத்து மருத்துவர் 105 பேர், தாம் எழுதும் குறிப்புகளைத் தம்மிடம் வரும் 13,000 க்கு மேற்பட்ட நோயாளர்க்குத் திறந்து காட்டினர். ஆண்டு முடிந்தது. இனி வேண்டாம், நிறுத்தி விடுகிறேன் என்று கூறிய மருத்துவர் எத்தனை பேர்? ஒருவர் கூட இல்லை! 2016 இல் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றிற்று. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 5 முதல் நடப்புக்கு வந்தன. மின்னணு ஏட்டை நோயாளியிடமிருந்து தக்க காரணமின்றித் தடுத்து வைப்பதே குற்றம் என்னும் நிலை பிறந்தது. இந்த மாற்றத்தை ஒரு பெண்மணி தனியே கொணர்ந்தார் என்று கூறின் மிகையாகும், பலர் உழைத்தனர். ஆனால் அந்தப் பலரும் மேற்கோள் காட்டும் முகமாக அந்தச் சுவர் நின்றது.

நம் நாட்டு நிலை என்ன என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவக் கழகம் 2002 இல் வகுத்த ஒழுக்க விதிகள், மருத்துவர் நோயாளியின் ஏட்டை மூன்றாண்டு காத்து வைக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் உரிமையளிக்கப்பட்ட துணையோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. அங்கே 30 நாள். இங்கே மூன்று நாள்! எழுத்தளவிலே நாம் முந்திக் கொண்டோம். ஆனால் அந்த விதி உண்டென்று அறிந்தவர் நம்மிலே எத்தனை பேர்? அறிந்தும், பெரிய டாக்டர் கோபித்துக் கொள்வாரோ என்று வாய் மூடி நிற்பவர் எத்தனை பேர்? எழுத்திலே உறங்கும் உரிமை, அலமாரியிலே உறங்கும் மருந்து போன்றது. நோய் அதனால் தீராது.

மருத்துவரை மதிப்போம். அவர் கற்றது பெரிது, கடமையும் பெரிது. ஆனால் மதிப்பு என்பது மௌனம் அன்று. படுக்கையில் இருப்பவரின் இசைவோடு, தாளும் எழுதுகோலும் கையிலே கொண்டு, என்ன நோய், என்ன மருந்து, ஏன், இனி என்ன என்று கேட்டு எழுதிக் கொள்ளும் மனைவி மருத்துவருக்கு இடையூறல்லள், துணை. அவ்வாறே கணவனும். ஏடு மருத்துவமனையின் அலமாரியிலே இருக்கலாம். எழுதியது மருத்துவரின் கையாக இருக்கலாம். ஆனால் அதிலே எழுதப்பட்டிருப்பது நோயாளியின் உயிர். உயிர் யாருடையதோ, ஏடு அவருடையது. அதைக் கேட்பது வேண்டுகோள் அன்று, உரிமை. கேளுங்கள்.