நாவறியும் கசப்பு

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர்கள் நாங்கள். ஒரு நாள் பிள்ளைகளுக்கான துணையுணவில் சாவிக் கீரை பரிமாறப்பட்டது. அண்ணன் தட்டைக் காலி செய்துவிட்டான். தங்கையோ ஒரு வாய் வைத்ததும், “கசக்குது, சார்” என்று துப்பிவிட்டாள். “ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே? அவனுக்குக் கசக்காதது உனக்கு மட்டும் எப்படிக் கசக்கும்?” என்று கடிந்துகொண்டோம். அவள் அழுதுகொண்டே உண்டு முடித்தாள். நாங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கு அறிவியலார் 1931ஆம் ஆண்டிலேயே விடை காணத் தொடங்கிவிட்டனர் என்பதைப் பிறகே அறிந்தோம்.

அமெரிக்காவில் டியூபாண்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலார், பினைல் தயோ கார்பமைடு என்னும் பொடியைக் கையாண்டுகொண்டிருந்தார். பொடி காற்றில் பறந்தது. உடனிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. பின்னர் அவர் பலருக்கும் கொடுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் கசப்பை உணர்வோர், உணராதோர் என இரு கூறாகப் பிரிந்தனர். அதே ஆண்டில் லாரன்ஸ் ஸ்னைடர் என்பவர் குடும்பம் குடும்பமாகச் சோதித்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ‘உணராத’ கூறு வந்து சேர்ந்த பிள்ளைக்கே கசப்புத் தெரியாமற்போகிறது என்றார். ஆகவே கசப்பை உணரும் பெற்றோருக்கு ஒரு பிள்ளை உணர்வதாகவும் மற்றொன்று உணராததாகவும் பிறக்கலாம்.

இந்தச் சோதனை நம் நாட்டிற்கும் வந்தது. 1949இல் லண்டனில் ஹாரிஸ், கால்மஸ் என்னும் இருவர் நேர்த்தியான முறையொன்றை வகுத்திருந்தனர். எட்டுக் குவளைகளை வைப்பர். நான்கில் வெறும் நீர், நான்கில் மருந்து கலந்த நீர். சோதிக்கப்படுபவர் சுவைத்து அவற்றைப் பிரித்துக் காட்டவேண்டும். பாசாங்குக்கு அங்கே இடமில்லை! அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் லக், வைட் என்பவரோடு சேர்ந்து, மலாயாவில் வாழ்ந்த சில இனத்தவரின் கசப்புணர்வை அளந்து 1955இல் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பு அவர்களை ‘நாகரிகமடைந்த இனங்கள்’ என்றது. 1957இல் வந்த இரண்டாம் கட்டுரையின் தலைப்போ ‘நாகரிகமடையாத இரு இனங்கள்’ என்றது.

அச்சொல்லை எங்களால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் எழுகின்றது. தெமியார், செமாய் முதலான ஓராங் அஸ்லி மக்கள் வாழும் மலைகள் அவை. காட்டுக் கீரை, கிழங்குகளில் நல்லது எது, தீயது எது என்று அறிந்து பிழைத்தவர்களை, நாவின் சுவையை அளக்கும் ஒரு கட்டுரை ‘நாகரிகமடையாதோர்’ என்றது! அளவைப் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அளந்தவர் அறிவாளியே. ஆயினும் அளவுக்குத் தேவையற்ற அடைமொழி அது.

அந்தக் கூறு எது என்பது 2003இல் தெரிந்தது. அமெரிக்காவில் உன்-கியுங் கிம், டென்னிஸ் டிரேனா முதலானோர், ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே காரணம் எனக் கண்டனர். கணிப்பொறியில் சேர்ந்திருந்த மனித மரபுத்தொகுதியின் எழுத்துவரிசை அத்தேடலுக்குக் கைகொடுத்தது. அம்மரபணு உண்டாக்கும் புரதத்தில் 333 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றே இடங்களில் உள்ள வேறுபாடுதான் உணர்வோரையும் உணராதோரையும் பிரிக்கின்றது. அவ்விரு வடிவங்களும் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றிலுமே காணப்படுகின்றன.

எல்லாக் கசப்பும் இதன் வழி வருவதன்று. கடுகு, முட்டைக்கோஸ் இனத்துக் காய்கறிகளின் கசப்பையே இம்மரபணு கூட்டிக் குறைக்கிறது என்று 2006இல் வந்த ஆய்வொன்று காட்டியது. சாவியும் அந்த இனந்தான். பாகற்காய் அதில் சேராது. எங்கள் மாணவியை நாங்கள் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அவள் தாயார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தபோது, “பாகற்காய் பொரியல் வைத்தால் இவளுக்குப் பத்தாது, சார்” என்றார். இப்போது சாவி சமைக்கும் நாட்களில் அவள் தட்டில் வெள்ளரிக்காய் வைக்கிறோம்.