சோடாக் குளியல்

ஜெர்மனியில் பாட் நவ்ஹைம்னு ஒரு ஊர். அங்கே பூமியிலிருந்து வெதுவெதுப்பா பொங்குற உப்புத் தண்ணி சோடா மாதிரி நுரைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாட் சகோதரர்கள்ங்கிற ரெண்டு டாக்டர்கள் இதய நோயாளிகளை அதில் உட்கார வைத்தார்கள். அதிலுள்ள கரியமில வாயு தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும். 1891-ல் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் அப்பாவும் இதய சிகிச்சைக்கு அங்கே போனார்.

பேரெல்லாம் குளியலுக்குத்தான். ஆனா அவங்க முறையில் இன்னொண்ணும் உண்டு: நோயாளி மெதுவா கையை அசைக்க, உதவியாளர் லேசா எதிர்த்துப் பிடிக்கும் பயிற்சி.

அப்புறமும் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே போட்டாங்க. 1952-ல் லெவைன், லௌன் என்ற டாக்டர்கள் நாற்காலியில் உட்கார வைத்ததே புரட்சி!

குளியலும் லாவெண்டர் வாசனையும் மனசுக்கு இதம், அவ்வளவுதான். இன்னிக்கு மறுவாழ்வு சிகிச்சையின் முதுகெலும்பு உடற்பயிற்சி. அதனால மக்களே, டாக்டர் நடக்கச் சொன்னா, அப்பாவை நடக்க விடுங்க.