தேர்தல் சீர்திருத்தத்தில் முன்னாள் படையினர்

படைச் சேவையிலிருந்து விலகியோர், கட்சி எதனையும் சாராது நின்று, வாக்குரிமையை விரிக்கவும், வாக்கெண்ணும் முறையைத் தூய்மைப்படுத்தவும், தேர்தலுக்குள் புகும் பணத்தின் ஊற்றுக்கண்ணை வெளிக்காட்டவும் முயன்ற வரலாறு இத்தலைப்பின்கீழ் அடங்கும். இலங்கையில் ஓய்வுபெற்ற படையினர் என்றும் தமிழ்நாட்டில் முன்னாள் ராணுவத்தினர் என்றும் அழைக்கப்படும் இவர்களுள் பதவி நாடித் தேர்தலில் நின்றோர் மிகப் பலர். தேர்தல் முறையையே செப்பனிட முனைந்தோர் மிகச் சிலர். முன்னவர் அரசியல் வரலாற்றுக்கு உரியவராதலால் இங்கே பின்னவரே பேசப்படுவர். அவர்கள் கையாண்ட உபாயத்தை நோக்கி வாதத்தால் முயன்றோர், ஆயுதத்தால் முயன்றோர், ஆவணத்தால் முயன்றோர் என மூவகைப்படுத்தலாம். இரண்டாம் வகைக்குப் பிரசித்தமான உதாரணம் ஒன்றே உண்டென்பதனால் இவ்வகைப்பாடு சிறிது கோணலாயிருப்பினும், வேறு வகைப்பாடு எதுவும் இதனினும் தெளிவாயில்லை.

இவ்வரலாறு, இன்னும் சேவையிலிருந்த சிப்பாய்களோடே, இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பட்னி என்னும் ஊரின் புனித மரியாள் ஆலயத்திலே தொடங்குகிறது. அரசனோடு பொருது வென்ற பாராளுமன்றப் படையின் சாதாரண சிப்பாய்கள், தமக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கவென்று தம்முள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள், 1647 ஒக்டோபர் 28 ஆம் நாள் அவ்வாலயத்தில் தளபதிகளோடு சமமாய் அமர்ந்தபோது, பேச்சு சம்பளத்தை விட்டு வாக்குரிமைக்குத் தாவியது. குடிசனத் தொகைக்கேற்பத் தொகுதிகளைச் சமப்படுத்தவேண்டும், இரண்டு ஆண்டுக்கொருமுறை பாராளுமன்றம் தெரிவாகவேண்டும் என்ற கோரிக்கைகளை அவர்கள் எழுத்தில் வைத்தனர். நாட்டில் நிலையான சொத்துள்ளவனுக்கே வாக்கு உரியதென்று தளபதிகளுள் ஒருவரான ஹென்றி அயர்ட்டன் வாதிட, ஓர் அரசாங்கத்துக்கு அடங்கி வாழவேண்டியவன் எத்துணை ஏழையாயினும் தன் சம்மதத்தை முதலில் தந்திருக்கவேண்டும் என்று கேணல் தாமஸ் ரெயின்ஸ்பரோ மறுத்துரைத்தார். தளபதி குரொம்வெல் தலைமை வகித்த அவ்விவாதம் முடிவின்றிக் கலைந்தது; சிப்பாய்களுக்கு வாக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் படைச் செயலாளராயிருந்த வில்லியம் கிளார்க் எடுத்த குறிப்புகள் ஒக்ஸ்போர்டின் வூஸ்டர் கல்லூரியில் இரு நூற்றாண்டுக்கு மேலாகத் தூங்கிக் கிடந்து, 1891 இல் அச்சேறியபின், சர்வசன வாக்குரிமை என்னும் எண்ணம் சம்பளம் கிடைக்காத சிப்பாயின் நாவிலும் அன்றே ஒலித்ததென்பது வெளியாயிற்று.

பட்னியில் விடப்பட்ட இழையை எடுத்துச் சென்றவர் மேஜர் ஜோன் கார்ட்ரைட் (1740–1824). இளமையிலே கடற்படையில் சேர்ந்து, 1759 இல் குவிபரோன் விரிகுடாச் சமரில் போரிட்ட இவர், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கெதிராய்ப் போர் மூண்டபோது அது நியாயமற்றதெனக் கண்டு அப்போரிற் சேவை செய்ய மறுத்து, தம் உத்தியோக உயர்வைக் கைவிட்டவர். 1776 இல் அவர் வெளியிட்ட நூல் ஆடவர் அனைவருக்கும் வாக்கு, ஆண்டுதோறும் தேர்தல், இரகசிய வாக்கு, சமமான தொகுதிகள் ஆகியவற்றைக் கோரிற்று. எழுபது வயது கடந்தபின்னும் வடபுலத்து நெசவாளர் ஊர்களுக்குச் சென்று மனுக்களுக்குக் கையொப்பம் திரட்டிய இக்கிழவரை அரசாங்கம் கைது செய்தது. பின்னொருமுறை இராசத்துரோகக் குற்றத்துக்கென நூறு பவுண் அபராதமும் விதித்தது. அவர் கேட்டவற்றுள் ஆண்டுத் தேர்தல் ஒன்று நீங்கலாக யாவும் பிற்காலத்தே சட்டமாயின. அவற்றுள் ஒன்றனையேனும் காண அவர் உயிரோடிருந்ததில்லை.

இலங்கையில் பிரதிநிதித்துவத்தின் வித்தை ஊன்றியவரும் ஒரு படையதிகாரியே. அரச பீரங்கிப் படையைச் சேர்ந்த வில்லியம் கோல்புறூக், 1805 ஆம் ஆண்டளவில் இளம் அதிகாரியாய் இத்தீவில் பணிபுரிந்து, பின் 1829 இல் விசாரணை ஆணையாளராய் மீண்டு வந்து, தேசாதிபதியின் தனியாட்சியைக் குறைக்குமாறு சிபாரிசு செய்தார். அதன் பயனாய் 1833 இல் ஒன்பது உத்தியோகத்தரும் உத்தியோகப்பற்றற்ற அறுவரும் கொண்ட சட்டநிரூபண சபை தோன்றியது, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது, கண்டி இராச்சியப் பகுதிகள் கரையோரத்தோடு இணைந்து ஒரே நிருவாகத்துள் வந்தன. அறுவருள் மூவர் ஐரோப்பியராகவும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவராகவும் நியமனம் பெற்றமையால் இன அடிப்படைப் பிரதிநிதித்துவம் இங்கே வேரூன்றியதென்று குறை கூறுவோர் உளர். நியமனமேயாயினும் குடிகளின் குரல் சபைக்குள் புகுந்ததற்கு அதுவே முதல் வாயில் என்பதை அவர்கள் மறக்கின்றனர். கண்டியருக்கென ஓர் ஆசனம் 1889 வரை காத்திருக்க நேர்ந்தது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட வழியே மாத்தளைக்குச் செல்லும் வீதியோரத்து மக்கள் கையில் வாக்கு வந்தது டொனமூர் சீர்திருத்தத்தின்கீழ் 1931 இலேயே. அவ்வீதியிலுள்ள அக்குறணை 1960 முதல் 1977 வரை இரு உறுப்பினரை அனுப்பிய தொகுதியாயிருந்து, சிறுபான்மையினருக்கும் ஓர் ஆசனம் கிடைக்க வழி செய்தமை இனப் பிரதிநிதித்துவத்துக்குப் பதிலாகக் கண்ட மாற்று.

ஆயுதத்தால் முயன்றோருக்கு உதாரணம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஏதென்ஸ் நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர், தம் மாவட்டத்தில் செரிப் எனப்படும் காவல் தலைவர் உத்தியோகமும் வாக்குப் பெட்டியும் ஒரே கும்பலின் கையில் அகப்பட்டிருக்கக் கண்டு, இரு பெருங் கட்சியினரையும் சேர்த்துத் தமக்கென ஒரு வேட்பாளர் பட்டியல் அமைத்தனர். 1946 ஓகஸ்ட் முதலாம் நாள் வாக்களிப்பு நடக்கையில் முதிய கறுப்பின வாக்காளர் ஒருவர் செரிப்பின் ஆளாற் சுடப்பட்டுக் காயமுற்றார். மாலையில் வாக்குப் பெட்டிகள் சிறைச்சாலைக்குள் கொண்டுபோகப்பட்டுக் கதவடைக்கப்பட்டது. போரிற் பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. அரச ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துவந்து, எதிரேயுள்ள மேட்டில் நிலையெடுத்து, இரவெல்லாம் சுட்டு, ஈற்றில் வெடிமருந்துக் குச்சிகளை வீசி, விடியுமுன் உள்ளிருந்தோரைச் சரணடையச் செய்தனர். ஒருவரும் இறக்கவில்லை, பெட்டிகள் ஊரார் முன்னிலையில் எண்ணப்பட, வீரர் பட்டியலிலிருந்த நொக்ஸ் ஹென்றி செரிப்பானார். சட்டப்படி அது கலகமே. எனினும் வேறு வழியிருந்ததென்று கூறுவது கடினம். வீரர் அமைத்த அவ்வணியோ நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆவணத்தால் முயன்றோர் இந்தியாவில் மிகுதி. இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற கொமடோர் லோகேஷ் பத்ரா இவர்களுள் முதல்வைத்து எண்ணத்தக்கவர். 2018 இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டப்படி, ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கி, பெயர் வெளிவராமலே கட்சிக்கு அளிக்க முடிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயைச் செலுத்தி, எத்தனை பத்திரம் விற்றது, எந்தத் தொகைப் பத்திரம் அதிகம், அச்சுக்கூலியும் வங்கித் தரகும் யார் தலையில் என்று, மறுமொழி வராவிடில் மேன்முறையீடு, அதிலும் குறையிருப்பின் மீண்டும் ஒரு விண்ணப்பம் என, கப்பலின் நாட்குறிப்பை நிரப்புவதுபோல ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். விற்ற தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே என்பதும், செலவைச் சுமந்தது அரசாங்கக் கருவூலமே என்பதும், இத்திட்டத்தை ரிசர்வ் வங்கி முன்னரே ஆட்சேபித்திருந்தது என்பதும் இவ்வாறு பெற்ற தாள்களால் வெளியாயின. 30 தவணைகளில் ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய்க்கு விற்பனையான பின், 2024 பெப்ரவரி 15 ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் ஏகமனதாய் அத்திட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்தது. அவ்வழக்கின் மனுதாரருள் ஒன்றாகிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், 1999 இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் தொடங்கியது. வேட்பாளர் தம் குற்ற வழக்குகளையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டுமென்ற 2002 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதன் முயற்சியே. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அனில் வர்மா அச்சங்கத்தின் அலுவலகத்துக்குப் பல்லாண்டு தலைமை வகித்தார்.

1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதியாயிருந்த அட்மிரல் ராமதாஸ், 2019 மார்ச்சில், படையினரின் தியாகத்தைக் கட்சிகள் வாக்குக்கு விலைபேசுவதைத் தடுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு எழுதினார். பிரசாரத்தில் படையினரின் படங்களைப் பயன்படுத்தலாகாதென ஆணையமும் அம்மாதமே கட்சிகளுக்கு நினைவூட்டியது. எனினும் அவர் முன்னர் ஆம் ஆத்மி கட்சியின் உட்கட்சி லோக்பாலாக (முறைகேடுகளை விசாரிப்பவராக) இருந்தவராதலின், கட்சி சாராமை என்பது எத்துணை மெல்லிய கோடு என்பதற்கும் அவரே சான்று. சேவையிலுள்ள வீரரின் வாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: தபாலில் போன வாக்குச் சீட்டு எண்ணிக்கை முடிந்தபின் எல்லைப்புற முகாமை அடைவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2016 இல் சீட்டை மின்வழி அனுப்பி, அச்சிட்டுக் குறியிட்டுத் தபாலில் திருப்பும் முறை வந்தபோது, அது முதன்முதல் பரீட்சிக்கப்பட்ட இடம் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு. வாழ்க்கைத் துணைவருள் வீரரின் மனைவிக்கு மட்டும் உரியதாயிருந்த சேவை வாக்காளர் உரிமை, 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண் அதிகாரியின் கணவருக்கும் கிடைத்தது.

இலங்கையில் ஓய்வுபெற்ற படையினரின் குரல் பெரும்பாலும் கட்சி மேடைகளிலேயே கேட்கிறது. 2010 இல் சனாதிபதித் தேர்தலில் நின்று தோற்ற முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா நிறைவேற்று அதிகார முறையை ஒழிப்பதாகச் சொன்னாரேனும், அவர் வேட்பாளராதலின் இவ்வகைக்குள் அடங்கார். அலவத்துகொடவில் ஓய்வூதியத்தோடு திரும்பி மிளகுக் கொடியும் சிறு கடையுமாய் வாழும் முன்னாள் சிப்பாய், இருபத்திரண்டு ஆண்டு முகாமிலே தபால்மூலம் வாக்களித்தபின், அயலிலுள்ள பாடசாலையில் வரிசையில் நின்று சுண்டுவிரலில் மை பூசிக்கொள்வதை ஒரு புதுமையாகவே சொல்லக் கேட்கலாம். இதற்கு மாறாக, கட்சி சாராது இயங்குவோர் இன்று அமெரிக்காவில் உளர்: 'அனைத்து வாக்காளருக்குமான முன்னாள் படையினர்' என்ற பொருள்படும் பெயருடைய சங்கம், கட்சிப் பதிவில்லாதோரும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கவும், வேட்பாளரை 1, 2, 3 என வரிசைப்படுத்தவும் இடங்கேட்டுப் போராடுகிறது. 2024 நவம்பரில் நெவாடா, கொலராடோ முதலிய மாநிலங்களில் அவ்விதத் திருத்தங்கள் தோற்றன, அலாஸ்காவில் இருந்துவந்தது மயிரிழையிற் தப்பியது. அதையொத்த விருப்பு வாக்கு இலங்கையின் சனாதிபதித் தேர்தற் சீட்டில் 1982 முதலே உண்டு. நாற்பத்திரண்டு ஆண்டாக அதை எண்ணவேண்டிய தேவை எழவில்லை. 2024 செப்டெம்பரில், முதலிடத்தில் வந்தவர் 42.31 வீதமே பெற்றமையால், அது முதன்முறையாக எண்ணப்பட்டது.